திரையும் திருப்புளியும்

நுழையும்முன்

திறன்பேசியின் திரையில் பாடம் கேட்கிறோம், தேர்வும் எழுதுகிறோம். கையால் செய்து பழக வேண்டிய தொழில்களையும் அவ்வாறே கற்றுவிட இயலுமா? சிறு பிழைக்கும் இடமளிக்காத ஒரு தொழிலை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்கிறார் கட்டுரையாசிரியர்.

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திரீ மைல் தீவு என்னுமிடத்தில் இயங்கிய அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், நீராவிக் கலன்களுக்கு நீரனுப்பும் எக்கிகள் திடீரென நின்றுபோயின. உலையைக் குளிர்விக்கும் நீரின் அழுத்தம் ஏறியது. ஏறும் அழுத்தத்தைத் தணிப்பதற்கென்றே பொருத்தப்பட்டிருந்த வால்வு தானாகத் திறந்தது. சில நொடிகளில் உலையும் தானாக நின்றது. அதுவரை அனைத்தும் வடிவமைத்தவர்கள் எண்ணியபடியே நடந்தன. அழுத்தம் இறங்கியதும் அவ்வால்வு மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது மூடவில்லை, திறந்தவாறே சிக்கிக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறையிலோ, அவ்வால்வுக்குரிய விளக்கு அணைந்துவிட்டது. விளக்கு அணைந்ததால் வால்வு மூடிவிட்டது என்றே அங்கிருந்தோர் பொருள்கொண்டனர். உண்மையில், அவ்விளக்கு வால்வின் நிலையோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. வால்வைத் திறந்துவைக்கும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை மட்டுமே அது காட்டியது. 'மூடு' என்னும் ஆணை சென்றுவிட்டது. அவ்வாணை நிறைவேறியதா என்பதை நேரடியாகச் சொல்ல அங்கே ஒரு விளக்கும் இல்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று. கதிரியக்கத்தின் பெரும்பகுதி காப்புக் கட்டடத்துக்குள்ளேயே அடங்கியதால் ஊரார் தப்பினர். அவ்வுலை மட்டும் அதன்பின் ஒருநாளும் இயங்கவில்லை.

இந்நேர்ச்சியை ஆராய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜான் கெமனி என்னும் கணிதப் பேராசிரியர். கணினி வல்லுநரல்லாத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்று 1964இல் 'பேசிக்' என்னும் நிரல்மொழியை உருவாக்கிய இருவருள் அவரும் ஒருவர். கற்பித்தலைப் பற்றி வாழ்நாளெல்லாம் சிந்தித்த ஒருவரிடம் அணுவுலை நேர்ச்சி ஒன்றை ஒப்படைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பொருத்தமாகவே அமைந்தது. பொறிகளின் குறையைக் காட்டிலும் மனிதர் தொடர்பான குறைகளே அடிப்படையானவை என்றும், பயிற்சி போதாமை அவற்றுள் முதன்மையானது என்றும் அவ்வாணையம் கண்டறிந்தது. அதே ஆண்டில் அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் தமக்குள் ஒரு பொதுக் கண்காணிப்பு நிறுவனத்தை ஏற்படுத்திக்கொண்டன. 1993இல் அந்நாட்டு அரசு, அணுமின் நிலையப் பணியாளர்களுக்கு முறைப்படுத்திய பயிற்சியைச் சட்டவழிக் கட்டாயமாக்கியது. அவ்விதி பெயர் குறிப்பிட்டுச் சொல்லும் பணியாளருள் ஒருவரே, இக்கட்டுரையின் நாயகரான கருவியியல் தொழில்நுட்பர்.

காணமுடியாததைக் காட்டுவோர்

இயங்கும் அணுவுலைக்குள் எவரும் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே நீர் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, நியூட்ரான்களின் பெருக்கம் எவ்வளவு என்பன யாவும் கருவிகளின் வாயிலாகவே வெளியே தெரிகின்றன. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர் உலையைப் பார்ப்பதில்லை. முள்ளையும் எண்ணையும் விளக்கையும் பார்க்கிறார். அந்த முள் சொல்வது உண்மைதான் என்பதற்குப் பொறுப்பேற்பவரே கருவியியல் தொழில்நுட்பர். தொழிற்கூடங்களில் அவரை 'இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக்' என்பார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் அப்பெயரிலேயே ஈராண்டுப் படிப்பு உண்டு.

அவர் கையாளும் பொருள்கள் உங்கள் இயற்பியல் பாடத்துக்குத் தொலைவில் இருப்பவையல்ல. வெப்பநிலையை அளக்க, சுழி டிகிரி செல்சியசில் 100 ஓம் மின்தடை கொண்ட பிளாட்டினக் கம்பிச் சுருள் பயன்படுகிறது. 100 டிகிரியில் அதன் மின்தடை ஏறத்தாழ 138.5 ஓம் ஆகிவிடும். மின்தடையை அளந்தால் வெப்பநிலை தெரியும். உலையருகே எடுத்த அளவைத் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவது டிரான்ஸ்மிட்டர் என்னும் கருவி. மிகக் குறைந்த அளவுக்கு 4 மில்லி ஆம்பியர், மிக உயர்ந்த அளவுக்கு 20 மில்லி ஆம்பியர் என மின்னோட்டமாக அது அனுப்பும். சுழியிலிருந்து தொடங்காமல் 4இலிருந்து தொடங்குவது ஏன்? கம்பி அறுந்துபோனால் மின்னோட்டம் சுழியாகும். குறைந்த அளவுக்கும் சுழியையே வைத்திருந்தால், கலம் காலியா கம்பி அறுந்ததா என்று பிரித்தறிய வழியிராது. 'ஒன்றுமில்லை' என்பதற்கும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கும் வேறு வேறு குறிகளை வைத்த அந்த நுண்ணறிவை நான் எத்தனை முறை கற்பித்தாலும் வியக்காமல் இருந்ததில்லை.

முதன்மையான அளவுகளை ஒரே கருவியிடம் ஒப்படைப்பதுமில்லை. ஒரே அளவை மூன்று தனித்தனி வழிகளில் எடுத்து, அவற்றுள் இரண்டு ஒத்து எச்சரித்தால் உலை தானே நின்றுவிடும்படி அமைப்பது பரவலான முறை. மூன்றுள் ஒன்றைச் சோதிக்க வேண்டுமாயின் அதனை 'எச்சரித்துவிட்டது' என்னும் நிலையில் வைத்துவிட்டு வேலை செய்வதுண்டு. அப்போது தொழில்நுட்பர் கவனக்குறைவாகப் பக்கத்து வழியின் கம்பியைக் கழற்றினால் இரண்டு எச்சரிக்கைகள் ஆகிவிடும். பல நூறு மெகாவாட் மின்சாரம் தரும் உலை அந்நொடியே நின்றுபோகும். ஒரு பெயர்ப்பலகையைச் சரியாகப் படிக்காத குற்றத்துக்கு இத்தனை பெரிய விளைவு.

இத்தொழில் நமக்கு அயலானதன்று. கல்பாக்கத்தில் 1983இலும் கூடங்குளத்தில் 2013இலும் முதல் உலைகள் இயங்கத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது, கடல்நீரை இறைக்கும் எக்கிகள் இருந்த கட்டடத்துக்குள் நீர் புகுந்தது. நீர்மட்டம் ஏறியதைக் கருவி காட்டியது. பணியில் இருந்தவர்கள் இயங்கிக்கொண்டிருந்த உலையை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றவர்களையும் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேர்ந்தவர்களையும் பட்டயம் பெற்றவர்களையும் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை வழங்கிப் பயிற்றுவித்துப் பணியமர்த்தும் முறை இந்திய அணுமின் கழகத்தில் உண்டு. இவ்வகுப்பறையில் இருந்தே ஒருவர் அங்குச் செல்லக்கூடும்.

ஏட்டுச் சுரைக்காய்

அவ்வாறு செல்பவருக்கு எப்படிக் கற்பிப்பது? இன்று உலகெங்கும் பேசப்படுவது கலப்புமுறைப் பயிற்சி. கோட்பாட்டை இணையவழியிலும் செயலைப் பயிற்சிக்கூடத்திலும் கற்பிப்பதே அம்முறை. பன்னாட்டு அணுசக்தி முகமை இணையவழிக் கற்றலுக்கென்று ஒரு தளத்தையே நடத்திவருகிறது. பெருந்தொற்றுக் காலம் இப்போக்கை விரைவுபடுத்தியது. கல்வித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நீங்கள் பாடம் கேட்ட நாள்களில், தொழிற்கூடங்களும் தம் பயிற்சிகளைத் திரைக்கு மாற்றிக்கொண்டிருந்தன.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று கூறி இதனை ஒதுக்கிவிடுவோர் உள்ளனர். என் துறையின் மூத்தோர் பலர் அத்தகையோரே. நான் அவர்களுடன் உடன்படவில்லை. ஏட்டில் உள்ள சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மை. ஆனால், எந்த மாதத்தில் விதை ஊன்றுவது, எப்போது பந்தல் இடுவது என்பவற்றை ஏட்டைப் பார்த்தும் கற்கலாம். திரை கற்பிக்கக்கூடியவை பல உள்ளன. சிலவற்றைத் திரை மட்டுமே நன்கு கற்பிக்கிறது.

உலைக்குள் நீர் எவ்வழியே சுற்றுகிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட நான் பட்ட பாடு கொஞ்சமன்று. நகரும் படம் அதனை அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறது. இராஜஸ்தானின் இராவத்பாட்டாவில் உள்ள பயிற்சியாளரும் கூடங்குளத்தில் உள்ளவரும் ஒரே பாடத்தை ஒரே தரத்தில் பெறுகின்றனர். இரவுப்பணி முடித்து வந்தவர் பிற்பகலில் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புரியாத இடத்தை வெட்கமின்றிப் பத்து முறை கேட்கலாம். ஐம்பது பேர் நடுவே கையுயர்த்தி 'மறுபடியும் சொல்லுங்கள்' என்று கேட்கத் தயங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். காணொலி அவர்களை ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை.

எனவே, திரை வேண்டுமா வேண்டாவா என்பது என் வினா அன்று. திரை மிச்சப்படுத்தித் தரும் நேரம் எங்கே போகிறது என்பதே என் வினா.

வாளி

அணுமின் நிலையங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் வேதித் தொழிற்சாலைகளுக்கும் செல்லவிருந்தவர்களுக்கு, ஒரு பயிற்சிக்கூடத்தில் பல ஆண்டுகள் கருவியியல் கற்பித்தவன் நான். நீர்மட்டத்தை அளக்கும் பாடத்துக்கு அங்கே ஓர் எளிய அமைப்பு இருந்தது. ஒரு மீட்டர் உயரமுள்ள, ஒளி ஊடுருவும் கலம். அதன் பக்கத்தில் உச்சிவரை நீர் நிரப்பிய ஒப்பீட்டுக் குழாய். இரண்டின் அடிப்பகுதியிலும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டை அளக்கும் டிரான்ஸ்மிட்டர். அதன் முகப்பில் மூன்று சிறு வால்வுகள். இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக நீரைத் தடுப்பவை. நடுவில் இருப்பது இரு பக்கங்களையும் இணைக்கும் சமன் வால்வு. கீழே ஒழுகும் நீரைப் பிடிக்க ஒரு நெகிழி வாளி.

இதன் கணக்கு எளிது. ஒப்பீட்டுக் குழாயில் நீரின் உயரம் எப்போதும் மாறாது. கலமும் நிறைந்திருந்தால் இரு பக்கமும் சம உயரம்; வேறுபாடு சுழி. கலத்தில் நீர் குறையக் குறைய வேறுபாடு கூடும். ஆகவே, வேறுபாடு சுழியானால் 'கலம் நிறைந்திருக்கிறது' என்றே கருவி காட்டும். இவ்வொரு வரியை மறவாதீர்கள்.

பாடத்தின் கோட்பாட்டுப் பகுதியை இணையத்துக்கு மாற்றியபோது, அக்காணொலியில் பேசியவன் நானே. கருவியைக் கழற்றும்போது வால்வுகளை எந்த வரிசையில் இயக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். முதலில் ஒரு பக்க வால்வை மூடுக; அதன்பின் நடு வால்வைத் திறக்க; பிறகு மறுபக்க வால்வை மூடுக. அதன் முடிவில் பத்து வினாக்கள். பட்டயப் படிப்பு முடித்துவிட்டு, தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி பத்துக்கும் சரியாக விடையளித்திருந்தார். அவர் பெயருக்கு எதிரே 'முடிந்தது' என்று பச்சைக் குறி விழுந்திருந்தது. அத்தகைய குறிகள் மிகுந்துவிட்டதால், செய்முறைக்கு ஒதுக்கிய ஆறு நாள்களை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று மேலிருந்து யோசனை வந்தது. நானும் தலையசைத்தேன். அதனை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

முதல் நாள் அவர் அவ்வமைப்பின் முன் வந்து நின்றார். கலத்தில் பாதியளவு நீர். கருவியும் பாதி என்றே காட்டியது. 'கருவியைக் கழற்ற ஆயத்தப்படுத்துங்கள்' என்றேன். கையில் திருப்புளியுடன் குனிந்தவர், பக்க வால்வுகள் இரண்டும் திறந்திருக்கும்போதே நடு வால்வைத் திருப்பினார். காணொலியில் நடு வால்வு எனக்கு வலப்புறம் இருந்தது. இங்கே அது அவருக்கு நேர் எதிரே இருந்தது. பிழைக்கு அவ்வளவே காரணம். ஒப்பீட்டுக் குழாயின் நீர் ஓசையின்றிக் கலத்துக்குள் இறங்கியது. முள் மெல்ல ஏறி உச்சியில் நின்றது. தவறு நேர்ந்ததை உணர்ந்து அவர் நடு வால்வை உடனே மூடினார். முள் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? ஒப்பீட்டுக் குழாயிலும் இப்போது பாதி நீர்தானே!

"என்ன காட்டுகிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"முழுமையாகக் காட்டுகிறது, சார். சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

கலம் அவர் முகத்துக்கு ஓர் அடி தொலைவில் இருந்தது. அதன் உள்ளே பாதிதான் நீர் இருந்தது. அவர் பார்த்தது முள்ளை மட்டுமே. ஏனெனில், பயிற்சி முழுவதும் அவருக்கு முள்ளையே காட்டியிருந்தோம். 'கலத்தைப் பாருங்கள்' என்றேன். அவர் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சார், நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேனே" என்றார். அது சினமும் அன்று, சாக்குப்போக்கும் அன்று, உண்மையான ஐயம். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

அம்மாணவியின் பிழையை எளிதாக எண்ண வேண்டா. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி நிலையத்தை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபின், முதல் உலையின் கட்டுப்பாட்டு அறை இருளில் மூழ்கியது. கருவிகளுக்கு உயிரூட்டப் பணியாளர்கள் ஊர்திகளின் மின்கலங்களைக் கொண்டுவந்து இணைத்தனர். இரவு ஒன்பது மணியைக் கடந்தபோது நீர்மட்டக் கருவி பேசத் தொடங்கியது. எரிபொருளின் உச்சிக்கு மேல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் இருப்பதாக அது காட்டியது. உண்மை அதுவன்று. கடும் வெப்பத்தால் ஒப்பீட்டுக் குழாயின் நீர் ஆவியாகிப் போக, இல்லாத நீரை இருப்பதாகக் கருவி காட்டிற்று. இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், பணியாளர்கள் கட்டடத்துக்குள் சென்று அக்கருவியை அளவுத்திருத்தம் செய்தனர். நீர்மட்டம் எரிபொருளின் உச்சியிலிருந்து 5 மீட்டருக்கும் கீழே கிடந்தது அப்போதுதான் தெரியவந்தது. நம் பயிற்சிக்கூடத்தில் ஒரு வாளிக்கு மேல் நடந்ததும், அங்கே உலையில் நடந்ததும், காரணம் வேறாயினும் ஒரே பொய். ஒப்பீட்டுக் குழாயில் நீர் குறைந்தால், கலம் நிறைந்திருப்பதாகவே கருவி சொல்லும்.

கைக்கு எதற்கு நேரம்?

கருவி பழுதாவது இயல்பு. எந்தத் திசையில் அது பொய் சொல்லும் என்பதை அறிந்திருப்பதே இத்தொழிலின் கல்வி. அவ்வறிவைச் சொல்லாகத் தரலாம். நானும் காணொலியில் தந்தேன். ஆனால், ஐயுறும் பழக்கம் சொல்லால் வருவதில்லை. ஒருமுறையேனும் தன் கையால் கருவியைப் பொய் சொல்லவைத்து, அப்பொய்யைத் தானே நம்பி, பிறகு நாணியவருக்கே அது வருகிறது. திரையில் தவறு செய்தால் சிவப்புக் குறி தோன்றி 'மீண்டும் முயல்க' என்று கூறிவிடுகிறது. உண்மைக் கருவி அவ்வாறு கூறுவதில்லை. தவறு செய்தபின்னும் அமைதியாக, உறுதியாக ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

கை அறிவது இன்னும் பல உண்டு. ஒரு மரையை எவ்வளவு முறுக்கினால் போதும், எவ்விடத்தில் அது கழன்றுவிடும் என்பதை விரல் அறியும். பழைய வால்வு இறுகியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதை மணிக்கட்டு அறியும். பாதுகாப்பு உடையும் இரட்டைக் கையுறையும் முகமூடியும் அணிந்தபின் அவ்விரல்களே அயலாருடையவைபோல் ஆகிவிடும். அப்போது ஒரு சிறு திருகாணியைத் தவறவிடாமல் கழற்றுவது தனிக்கலை.

இங்கே பாதுகாப்புக் கணக்கு ஒன்றும் உண்டு. கதிர்வீச்சுள்ள இடத்தில் வேலை செய்பவர் பெறும் அளவைக் குறைக்க மூன்று வழிகளே உள்ளன. நேரத்தைக் குறைப்பது, தொலைவைக் கூட்டுவது, இடையே தடுப்பு வைப்பது. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு விதித்துள்ள வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டலாகாது. வெளியே மாதிரி அமைப்பில் பலமுறை செய்து பழகியவர் உள்ளே பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலையை, பழகாதவர் அரை மணி நேரம் செய்வார். கூடுதலான அந்த இருபது நிமிடக் கதிர்வீச்சையும் அவர் உடலே ஏற்கும். பயிற்சி நாள்களைக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தை, ஒருவகையில், அத்தொழிலாளி தன் உடலால் செலுத்துகிறார். இக்கணக்கு எந்த வரவுசெலவுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

திரையும் இங்கே கைக்குத் துணைநிற்கும் என்பதை மறுக்கவில்லை. உள்ளே செல்லும் முன்பே எந்தத் தாழ்வாரம், எத்தனையாவது படி, எந்தப் பலகை என்பதை முப்பரிமாணப் படத்தில் நடந்து பார்த்துவிடலாம். வழி தேடும் நேரம் மிச்சம். பக்கத்து வழியின் கம்பியைக் கழற்றும் பிழையும் குறையும். இத்தகைய இடங்களில் கலப்புமுறை தன் பெயருக்குத் தக்கதாகிறது. திரை, கையை ஆயத்தப்படுத்துகிறது. கையின் இடத்தில் தான் அமர்ந்துகொள்வதில்லை.

'செய்முறைக் கூடம் அமைக்கப் பெருஞ்செலவாகும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பேர் என்றால் பயிற்றுநர் எத்தனை பேர் வேண்டும்?' என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. கூடுதல் பணம் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முன்பு கோட்பாட்டுக்கு நாற்பது மணி நேரம் வகுப்பு நடத்தினோம். அதனை இணையத்துக்கு மாற்றிவிட்டால் அந்த நாற்பது மணி நேரப் பயிற்றுநர் விடுவிக்கப்படுகிறார். அவரைப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்றே கேட்கிறேன். கோட்பாடு திரைக்குப் போன நாளிலேயே செய்முறை நாள்களையும் குறைத்தால், அதனைக் கலப்புமுறை என்று அழைப்பது பொருந்தாது. பாலில் கலக்க வேண்டியதைக் கலக்காமல் பாலையே குறைத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது அது.

மற்றொன்றும் கேட்பேன். திரீ மைல் தீவின் விளக்கு, ஆணை அனுப்பப்பட்டதைச் சொன்னது. வால்வு மூடியதைச் சொல்லவில்லை. இணையப் பாடத்தின் முடிவில் விழும் பச்சைக் குறியும் அவ்வகையானதே. பாடம் அனுப்பப்பட்டது என்பதை அது சொல்கிறது. அது கற்பவருக்குள் சென்று சேர்ந்ததா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆகவே, அக்குறியை மட்டும் கொண்டு ஒருவரைக் கருவியின் முன் தனியே நிறுத்தலாகாது. பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும். முதற்கட்டத்தைக் கணினி நிரப்பலாம். இரண்டாவதில் கையொப்பமிடுபவர், அருகில் நின்று அவர் அவ்வேலையைச் செய்ததைக் கண்ணால் கண்டவராக இருக்க வேண்டும். ஒருமுறை பெற்ற கையொப்பம் என்றென்றைக்குமானதும் அன்று. கைப்பழக்கம் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் நடைபெறும் புத்தாக்கப் பயிற்சியை, தேநீர் அருந்தியவாறே 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தி முடித்துவிடும் வழக்கத்தை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை அவ்வாறு செய்தும் இருக்கிறேன்.

அன்று அம்மாணவி கேட்ட வினாவுக்கு வருகிறேன். செய்முறை நாள்கள் மறுபடியும் ஆறாயின. அதற்கு நான்கு கூட்டங்களும் சில மனக்கசப்புகளும் தேவைப்பட்டன. அவற்றை விரிப்பதில் பயனில்லை. என் காணொலியையும் மாற்றினேன். இப்போது அதன் தொடக்கத்தில் நான் பேசுவதில்லை. பாதி நீருடன் நிற்கும் கலத்தைக் காட்டுகிறேன். அதன் பக்கத்தில், 'முழுமை' என்று காட்டி நிற்கும் முள்ளைக் காட்டுகிறேன். 'இது எவ்வாறு நேர்ந்தது?' என்று ஒரே ஒரு வினா. அதற்குக் கீழே தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இல்லை; அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. மறுநாள் காலையில் பயிற்சிக்கூடத்துக்கு வந்து, வாளியைச் சரியான இடத்தில் நகர்த்திவைத்துவிட்டு, மூன்று வால்வுகளின் முன் குனிந்து அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.